அண்ணன் பின்னாடி வர்றார்

பஸ்ஸில் பக்கத்து இருக்கை அம்மா பாதி உரித்த ஆரஞ்சுப் பழத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதுதான் முதல் கோணல். அதுவரைக்கும் அந்த அம்மா வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். மருமகளுக்கு எந்நேரமும் தலைவலி, மகனுக்கு வாயில்லை, தனக்கு முட்டிவலி என்று மூன்று மணி நேரத்தில் வீட்டுக்கதை முழுவதையும் ஒப்பித்திருந்தார். நடுநடுவே ஒவ்வொரு சுளையாகப் பிய்த்து நீட்டினார். வெளியே மழைக்கு முந்தைய மங்கல் வெளிச்சம். உள்ளே டீசல் வாடையும் ஆரஞ்சுத் தோல் வாடையும் கலந்து, கண்ணாடி ஜன்னல்கள் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன.

"தனியாவா போறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்லைம்மா. அண்ணன் பின்னாடி வர்றார்."

"எங்க தங்குறீங்க?"

"நூல் ஆலைக்கு எதிர்ல ஒரு லாட்ஜ் இருக்கே, அங்கதான்."

சுளை பிய்த்த கை நின்றது. "உங்க அண்ணன் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாரா?"

"ஆமா," என்றாள் அவள். பழக்க தோஷம். யோசிக்காமல் வந்துவிட்டது.

அந்த அம்மா பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். உட்கார இடமில்லாத பஸ்ஸில், முட்டிவலியோடு, கம்பியைப் பிடித்தபடி கடைசி இருபது நிமிஷமும் நின்றுகொண்டே வந்தார். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. பேச்சுவாக்கில் கால் விஷயத்தை நாம்தான் முன்பே சொல்லியிருப்போமோ என்று அவள் யோசித்துப் பார்த்தாள். சொன்னதாக ஞாபகம் இல்லை.

விஷயம் என்னவென்றால், அவளுக்கு அண்ணனே கிடையாது. தம்பியும் கிடையாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்து, ஒற்றையாக வளர்ந்து, கட்டிக்கொண்டவனும் பாதியில் கம்பி நீட்டிவிட, இப்போது ஒன்பது வயது மகளோடு இரண்டு அறை வீட்டில் குடியிருப்பவள். ஆலை ஆலையாகப் போய்த் தொழிலாளர்களின் காதைச் சோதிப்பது அவள் வேலை. இயந்திரச் சத்தத்திலேயே நின்று நின்று கேட்கும் திறன் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதித் தர வேண்டும். பெட்டி மாதிரி ஒரு கருவி, ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் சாமான். "சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க" என்பாள். மெல்லிய ஒலியை அனுப்புவாள். கேட்டவர்கள் கையைத் தூக்குவார்கள். தொழிலாளர்கள் அவளுக்குக் காதம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். டாக்டரம்மா என்று கூப்பிடாதவரைக்கும் சரி என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த வேலைக்கு ஊர் ஊராகத் தனியாகத்தான் போக வேண்டும். தனியாகப் போகிற பெண்ணிடம் ஊர் உலகம் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ரயில்வே பிளாட்பாரத்தில், மீசையை முறுக்கிக்கொண்டே நெருங்கி வந்த ஒருவனிடம், "அண்ணன் பின்னாடி வர்றார்" என்று முதன்முதலாகச் சொன்னாள். அவன் நகர்ந்துவிட்டான். அன்றைக்குப் பிறந்த அண்ணன் அதற்கப்புறம் வஞ்சனை இல்லாமல் வளர்ந்தார். ஒரு ஆட்டோக்காரரிடம் ஆறடிக்கு மேல் என்றாள். ஒரு கண்டக்டரிடம் போலீஸில் இருக்கிறார் என்றாள். "இன்னும் காணோமே உங்க அண்ணனை" என்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து இளித்த ஒருவனிடம், காலில் அடிபட்டு இடது கால் இழுக்கும், அதனால் மெதுவாகத்தான் வருவார் என்றாள். யாரோடும் பேச மாட்டார், சாம்பல் நிறச் சட்டைதான் போடுவார், கோபம் வந்தால் மனுஷனாக இருக்க மாட்டார். இல்லாத அண்ணனுக்கே இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவள், சொந்த அண்ணன் இருந்திருந்தால் ராஜா மாதிரி வைத்திருப்பாள்.

லாட்ஜ் வாசலில் இறங்கும்போது மணி மூன்றரை, மழை பிடித்துக்கொண்டது. எதிரே ஆலையின் உறுமல். தரை வழியாக ஏறி, செருப்பு வழியாக உள்ளங்காலுக்குள் வரும் உறுமல். டீக்கடையில் ஒதுங்கி நின்ற நாலு பேர் அவளைப் பார்த்தார்கள். பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் டம்ளரிலிருந்த மிச்ச டீயை அவள் நடந்த பாதையில் சளக்கென்று ஊற்றினார். காலில் தெறித்தது. மன்னிப்பு கேட்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

கவுண்டரில் மேனேஜர் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், ஒரு அடி பின்னால் போனார், சாவிப் பலகையில் முதுகு இடித்தது. போன வருஷம் வார்த்தைக்கு வார்த்தை "மேடம், மேடம்" என்று வழிந்தவர் இவர். அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு, பல்பு மாற்ற வேண்டும் என்று கதவைத் தட்டியதும் இவர்தான். மூன்றாவது தடவை தட்டியபோது அவள் உள்ளே இருந்தே கத்தினாள்: "எங்க அண்ணன் நாளைக்கு வர்றார். தெரிஞ்சா கையை ஒடிச்சிருவார்!" தட்டுவது நின்றது. ஊரில் ஒரே லாட்ஜ், ஆலைக்காரர்கள் அமர்த்திக் கொடுக்கிற அறை. அதனால்தான் இந்த வருஷமும் வந்தாள். வரும்போது பையில் ஒரு மர ஆப்பும் எடுத்து வந்திருந்தாள், கதவுக்கு அடியில் செருக. மற்றவர்களுக்கு ஆப்பு என்றால் கிண்டல், அவளுக்கு அதுதான் நிம்மதியான தூக்கம்.

மேனேஜர் கவுண்டர் மேல் இரண்டு துண்டுகளை வைத்தார். இரண்டு சோப்புகள். இரண்டு டம்ளர்கள்.

"நான் ஒருத்திதான்," என்றாள்.

அவர் பதிவேட்டில் இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். வலது சட்டைக் கை முழங்கைக்குக் கீழே மடித்துக் குத்தப்பட்டிருந்தது. உள்ளே கை இல்லை.

"ஏழாம் நம்பர் குடுங்க. போன தடவை அதுதான். ஜன்னல் நல்லா இருக்கும்."

"ஏழு காலி இல்ல," என்றார் அவர். ஆறாம் நம்பர் சாவியைக் கையில் தராமல் கவுண்டரில் தள்ளிவிட்டார்.

மாடி நடையில் எட்டு அறைகள். மற்ற எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன, மெத்தைகள் சுருட்டப்பட்டிருந்தன. ஏழாம் நம்பர் மட்டும் மூடியிருந்தது. அதன் வெளிப்பக்கத்தில் ஒரு புதுத் தாழ்ப்பாள், முரட்டு இரும்பு, நாலு திருகாணிகள். கதவருகே தரையில் தட்டு போட்டு மூடிய சாப்பாடு. ஃபினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை, ஊசிப்போன உணவின் புளிப்பு. நாய் வளர்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

அறைக்குள் போய் ஆப்பைச் செருகிவிட்டு, நாலரை மணிக்கு மகளுக்குப் போன் போட்டாள். மகளை வீட்டில் சுண்டு என்றுதான் கூப்பிடுவது. பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வந்தால் ஏழு மணிக்குக் கீழ்வீட்டு டீச்சர் துணைக்குப் படுக்க வரும்வரை சுண்டு தனியாகத்தான் இருக்கும். அந்த மூன்று மணி நேரம்தான் அவள் வயிற்றில் எப்போதும் கட்டியிருக்கும் நெருப்பு.

"யாராவது கதவைத் தட்டினா என்ன பண்ணணும்?"

"சங்கிலியை எடுக்கக் கூடாது. அம்மா கடைக்குப் போயிருக்காங்க, மாமா உள்ள தூங்குறாருன்னு சொல்லணும்."

"சமர்த்து. என்ன பண்ற?"

"படம் வரையறேன். என் குடும்பம்னு தலைப்பு. நீயும் நானும் ஒரு ஓரமா நிக்கிறோம். தாள் முக்கால்வாசி காலியா இருக்கும்மா. மாமாவையும் போட்டுக்கட்டுமா?"

"இல்லாத மாமாவையா?"

"நீதானே தினமும் சொல்லச் சொல்ற."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் சிரிப்பு. "சரி, போட்டுக்கோ."

"எப்படி இருப்பாரு?"

"உயரமா இருப்பாரு. மீதியை நீயே பார்த்துப் போட்டுக்கோ."

ஐந்து மணிக்கு ஷிஃப்ட் மாறியது. ஆலைச் சங்கு ஊதி, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, அந்த உறுமல் தரையிலிருந்து வடிந்து போனது. பத்து நிமிஷம்தான் அந்த அமைதி. மழையும் தூறலாகியிருந்தது. ஈரத் துண்டின் வாடையும் சுவரின் சுண்ணாம்பு வாடையும் சூழ, கட்டிலில் சாய்ந்து படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தவளின் காதில், பதினோரு வருஷம் பிறர் காதுகளை அளந்தே பழகிய காதில், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி முனகியது.

பிறகு ஒரு காலடி.

பிறகு ஒரு இழுப்பு.

அடி. இழுப்பு. அடி. இழுப்பு. சுவர் வரைக்கும் வந்தது. நின்றது. அவள் தலைக்கு நேராக, சுவரில், கனமான ஏதோ ஒன்று மெதுவாகச் சாய்ந்துகொண்டது.

அவள் ஆப்பைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள்.

கவுண்டரில் மேனேஜரோடு அவர் மனைவியும் நின்றிருந்தார். லாட்ஜின் சமையல் அவருடையது. போன வருஷம் அக்கா, தங்கச்சி என்று ஒட்டிக்கொண்டவர். ராத்திரி எங்களோடு சாப்பிடுங்க என்று கையைப் பிடித்து இழுத்தபோது, அசதியில் தப்பித்துக்கொள்ள அவரிடமும் ஒரு பொய் சொல்லியிருந்தாள்: "அண்ணன் வரட்டும்கா. நான் பக்கத்துல இல்லாம அவர் சாப்பிட மாட்டார்." இப்போது அவர் கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் இரண்டு கிண்ணங்கள்.

"ஏழுல யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"யாருன்னு எங்களைக் கேக்கறியா?" அக்காவின் வாயில் 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "நீ கிளம்பின மறுநாள் வந்தார். பின்னாடி வர்றார்னு சொன்னியே, அதே மாதிரி. இந்த மனுஷன் பேர் என்னன்னு கேட்டார். ஒரு வார்த்தை பேசல. கவுண்டருக்கு மேல கையைப் பிடிச்சு, விறகு ஒடிக்கிற மாதிரி ஒடிச்சார். மேல போய் ஏழுல உக்காந்தவர்தான். ஒரு வருஷம் ஆச்சு."

"போலீஸு…"

"வந்தாங்க. மேல போனாங்க. இறங்கி வந்து, இனிமே எங்களைக் கூப்பிடாதீங்கன்னு கும்பிட்டுட்டுப் போனாங்க."

"யாரோ என் பேரைச் சொல்லி உங்களை ஏமாத்தறாங்க அக்கா. அவர் முகத்தைப் பார்த்தீங்களா?"

"நிமிர்ந்து பார்த்தவங்க யாரும் இல்ல. கவுண்டர்லயும் குனிஞ்ச தலை நிமிரல. இப்பவும் ஜன்னலைப் பார்த்து உக்காந்திருக்கார். மூணு வேளையும் சாப்பாடு வெக்கிறேன். தொடறதில்ல. நீ பக்கத்துல இல்லாம சாப்பிட மாட்டாராமே." அக்கா தட்டை அவள் கையில் திணித்தார். சூடான கஞ்சி விரலில் சிந்தியது. "ராத்திரியெல்லாம் வயிறு சத்தம் போடுது. கீழ வரைக்கும் கேக்குது. எங்க பிழைப்பே போச்சு. வா. வந்து உக்காந்து சாப்பிட வெச்சுக் கூட்டிட்டுப் போ."

அவள் வாசலைப் பார்த்தாள். டீக்கடையில் நின்ற நாலு பேரும் வாசல்படியில் நின்றார்கள். மழை அவர்கள் முதுகில் பெய்துகொண்டிருந்தது. ஒருவரும் வழிவிடுவதாக இல்லை.

ஏழாம் நம்பர் கதவை மேனேஜர் இடது கையால் திறந்தார். முதுகில் ஒரு தள்ளு. பின்னால் இரும்புத் தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே விளக்கில்லை. மழை நேரத்துச் சாம்பல் வெளிச்சம் ஜன்னலில் மட்டும். போன வருஷம் அவள் துணி காயப்போட்ட அதே ஜன்னல். அதன் முன்னால் நாற்காலி. நாற்காலியில் முதுகு. கதவை அடைக்கிற அளவுக்கு அகலமான முதுகு. சாம்பல் நிறச் சட்டை. போலீஸ்காரர் மாதிரி ஒட்ட வெட்டிய தலை. இடது கால் மட்டும் நீட்டி, கட்டை மாதிரி விறைத்து. ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். எந்தப் பஸ்ஸில், எந்த ஊரில், எவனிடம் சொன்னது என்று தெரியும்.

அவள் மூச்சை விட்டாள். அவ்வளவுதான் சத்தம்.

நாற்காலியில் இருந்தது வலது கையைத் தூக்கியது.

ஆலைத் தொழிலாளர்கள் தூக்குகிற மாதிரி. கேட்டது என்பதற்கு அடையாளமாக. தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று, இறங்கியது. தட்டு அவள் கையில் நடுங்கி, கிண்ணமும் கிண்ணமும் உரசின. கை மறுபடியும் உயர்ந்தது.

அழுகை வந்தது. பயத்தில் வருகிற அழுகை, சின்னப் பிள்ளை அழுகை. உண்மையைச் சொல்லிவிட்டால் போய்விடும் என்று தோன்றியது. தனக்கே கேட்காத குரலில் சொன்னாள்.

"எனக்கு அண்ணன் கிடையாது."

கை மூன்றாவது தடவை உயர்ந்தது. இந்தத் தடவை இறங்கவில்லை. நாற்காலி முனகியது. அது எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. ஆறடிக்கு மேல் என்று சொன்னவள், எவ்வளவு மேல் என்று சொன்னதில்லை.

திரும்பியது.

நெற்றி இருந்தது. நெற்றிக்குக் கீழேயும் நெற்றிதான். தாடை வரைக்கும் நெற்றி. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. பதினோரு வருஷத்தில் அண்ணனின் முகம் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

வயிறு உறுமியது. ஆலை மாதிரி, தரை வழியாக.

அடி. இழுப்பு.

தட்டு விழுந்தது. அவள் கதவோடு ஒட்டினாள்.

அடி. இழுப்பு. அடி.

சட்டையின் வாடை. பழைய பஸ் இருக்கையின் வாடை. ரயில்வே பிளாட்பாரத்தின் வாடை. ஒரு விரல் அவள் தலைமுடியைத் தொட்டது.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. உண்மை எடுபடாது. இது பொய்யில் பிறந்தது. பூட்டிய கதவு வழியாக, அந்தப் பக்கம் நிற்கிற அந்நியர்களிடம் பொய் சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. கதவைப் பார்த்து அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"அக்கா! அண்ணன் இங்க இல்ல! கிளம்பிட்டார்! எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிட்டார்!"

தலைமுடியில் இருந்த விரல் இல்லாமல் போனது.

தூறல் சத்தம். ஜன்னல். நாற்காலி. அவ்வளவுதான் அறையில். நாற்காலி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, ஆள் எழுந்த பிறகு ஆடுகிற மாதிரி.

தாழ்ப்பாள் திறந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். மேனேஜர் அறைக்குள் வந்து, இருந்த ஒரு கையால் ஜன்னலை விரியத் திறந்தார். ஈரக்காற்று வந்தது. எதிரே ஆலை மறுபடி உறும ஆரம்பித்தது.

கீழே கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். தோளில் துண்டு போட்டார்கள். அக்கா டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை அதிகமாகப் போட்டு ஆற்றிக் கொடுத்தார். "கோவிச்சுக்காத தங்கச்சி. எங்க நிலைமை அப்படி." டீக்கடை ஆட்கள்கூட உள்ளே வந்து, மூலையில் நின்று தலையைச் சொறிந்தார்கள். காலில் டீ ஊற்றியவர் அவள் பையைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தார். வந்ததிலிருந்து ஒருவரும் முகம் கொடுக்காத ஊரில் அந்தக் கனிவு அவளை உருக்கிவிட்டது. மனதில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டாள். அண்ணனே கிடையாது, எல்லாம் தனியாகப் போகிற பயத்தில் சொன்ன பொய், ஊர் ஊராகச் சொன்ன பொய், உங்களிடம் சொன்னதும் பொய், இப்போது கதவுக்குப் பின்னால் கத்தியதும் பொய்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா டீ டம்ளரை மெதுவாகத் திரும்ப வாங்கி வைத்தார்.

"வீட்டுக்குப் போயிட்டார்னு சொன்னியே," என்றார். "உங்க வீட்டுல யாரு இருக்கா?"

அவள் போனை எடுத்தாள். மணி ஆறு. டீச்சர் வர இன்னும் ஒரு மணி நேரம். வீடு நாலு மணி நேரத் தூரம். போன் அடித்தது. அடித்தது. அடித்தது.

"அம்மா," என்றது சுண்டு. மெதுவான குரல். தூங்குகிறவர் பக்கத்தில் இருக்கும்போது பேசுகிற குரல்.

"சுண்டு, யாராவது வந்தாங்களா?"

"மீட்டர் பார்க்கிறவர் வந்தாரு. சங்கிலியை எடுக்கல. மாமா உள்ள தூங்குறாருன்னு சொன்னேன். சரி பாப்பான்னு போயிட்டாரு. அப்புறம் உள்ள கட்டில் சத்தம் கேட்டுச்சு."

"கதவைத் திற. கீழ ஓடு. டீச்சர் வீட்டுக்கு ஓடு. இப்பவே."

"முடியாதும்மா. கையைப் பிடிச்சிருக்காரு."

அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அங்க யாரும் இல்ல சுண்டு. மாமா போயிட்டார். போயிட்டார்னு நீ சொல்லு."

"இங்கதானேம்மா இருக்காரு."

நம்பியவர்களிடம் சொன்னதுதான் பலித்திருந்தது. சுண்டு நம்பாது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த முகங்களைப் பார்த்துத் திரும்பினாள். அக்கா. மேனேஜர். நாலு பேர்.

"அண்ணன் திரும்பி வர்றார்! இங்கதான் வர்றார்! வந்துக்கிட்டே இருக்கார்! கேக்குதா? அக்கா, சத்தியமா சொல்றேன், இங்கதான் வர்றார்!"

யாரும் அசையவில்லை.

"உனக்குத்தான் அண்ணனே கிடையாதே," என்றார் மேனேஜர்.

அவள் அக்காவின் காலில் விழுந்தாள். நம்புங்கள் என்றாள். ஒரு நிமிஷம் நம்புங்கள் போதும் என்றாள். அக்கா காலை இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அம்மா," என்றது போன். "மாமா பாவம்மா. ரொம்பப் பசி போல. வயித்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டறாரு. ஆனா சாப்பிட வாயே இல்ல."

"சுண்டு. கேளு. அந்தப் படத்தை…"

"அதான் படத்துல முதல்ல வாய் போட்டுட்டேன். கண்ணு, மூக்கெல்லாம் அப்புறம் போடறேன்." பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம். "பெரிசா போட்டிருக்கேம்மா. பல்லெல்லாம் வெச்சு."

அப்புறம் சுண்டு பேசவில்லை. மழை நின்றிருந்தது. போனுக்குள், வெகு தூரத்தில், யாருக்கும் கேட்காத அளவுக்கு மெல்லியதாக ஒரு சத்தம் ஆரம்பித்தது. தைத்த துணி பிரிகிற மாதிரி. ஈரமாக. இத்தனை வருஷமாக ஒட்டியே இருந்த ஏதோ ஒன்று முதல் தடவையாகத் திறக்கிற சத்தம். திறந்துகொண்டே போகிற சத்தம்.

லாட்ஜில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் முழங்காலிட்டு, ஒரு கையில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். இன்னொரு கை, அவள் தூக்காமலே, மெதுவாக மேலே போனது.